எதிர்ப்பு சக்தி குறைவெண்டால் ஏன் அதை அமத்திற பம்ப் தருகினம்? அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் நெஞ்சு வருத்தம்

நீர்வேலிப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், குறை நினைக்காதேங்கோ. அப்பாவுக்கு 71 வயசு, முப்பது வருசத்துக்கு மேல சுருட்டு, பிறகு சிகரெட், விட்டு இப்ப ஆறு வருசம். சி.ஓ.பி.டி, அதாவது சுவாசக்குழாய் நாள்பட அடைச்சுப்போற வருத்தம் எண்டு கிளினிக் கொப்பியில எழுதியிருக்கு. அம்மாவுக்கு 66, அவ புகையிலை தொட்டதே இல்லை, ஆனா எங்கட குசினிக்கு காஸ் அடுப்பு வந்தது 2012 இலதான், அதுக்கு முதல் எல்லாம் பொச்சும் கங்குமட்டையும் பன்னாடையும், மாரியில ஈர விறகை ஊதி ஊதி அவ இருமினது இப்பவும் காதுக்க கேக்குது. சின்னனில இருந்தே அவவுக்குத் தொய்வு, ஆஸ்மா எண்டுறது. இப்ப ரெண்டு பேருக்கும் வாயால இழுக்கிற ஒரே பம்ப், ஒரே நிறம்.

போன மாசம் ஒரு அந்தியேட்டி வீட்டில சொந்தக்காரர் ஒராள் அப்பாவைப் பிடிச்சு இருத்தி, "உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு, அதுதான் சளி விடுகுதில்லை, கிளினிக்கில தாற பம்ப் ஸ்டிரொயிட், அது இருக்கிற சக்தியையும் இல்லாமச் செய்யும்" எண்டு சொல்லி ஒரு பேணி மாவும் வித்துப்போட்டார். அண்டையில இருந்து அப்பா பம்பைத் தொடுறார் இல்லை. இண்டைக்குப் பத்தாம் நாள். படலையடிக்குப் போட்டு வரவே ரெண்டு தரம் நிண்டு மூச்செடுக்கிறார்.

கிளினிக்கில சனம் நிரம்பி வழியுது, எங்களுக்குக் கிடைக்கிறது மூண்டு நிமிசம், அதுக்குள்ள இதைக் கேக்கேலாமப் போச்சு. ஆனா அந்தச் சொந்தக்காரர் கேட்டது எனக்கும் நியாயமாத்தான் படுது. எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலயோ இந்த வருத்தம்? அப்பிடியெண்டால் ஏன் அதை இன்னும் அமத்திற மருந்து?

லாப்_அண்ணை | ஞாயிறு, இரவு 9.02

பிள்ளை, முதல் அப்பாவை இண்டைக்கே பம்பைத் திருப்பித் தொடங்கச் சொல்லுங்கோ, விடியட்டும் எண்டு வைக்காதேங்கோ. மூச்சு இன்னும் இறுகினாலோ சொண்டு நீலம் பாய்ஞ்சாலோ பாத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. மிச்சம் ஆறுதலாக் கதைக்கலாம்.

நான் டொக்டர் இல்லை. 23 வருசமா ஆய்வுகூடத்தில நுணுக்குக்காட்டிக்கு முன்னால இருக்கிறன், இரத்தமும் சளியும்தான் என்ர சீவியம். அந்த அனுபவத்தில சொல்லுறன், எதிர்ப்பு சக்தி எண்டு கரண்டியால அள்ளிக் கூட்டுற ஒரு சாமான் உடம்பில இல்லை. இருக்கிறது கலங்கள். ஒவ்வொண்டுக்கும் வேற வேற வேலை, வேற வேற ஆயுள். உங்கட அப்பாவின்ர சுவாசப்பையில அதுகள் குறைஞ்சு போகேல்ல பிள்ளை, கூடிப்போய் நிக்குதுகள், வேலையையும் பிழையாச் செய்யுதுகள். இந்த வருத்தத்தின்ர அடியே அதுதான்.

சுகதேகி ஒராளின்ர சுவாசப்பைக்குள்ள இருக்கிற சின்னக் காத்துப் பைகளை, சிற்றறை எண்டுறது, அதுகளைக் கழுவி அந்தத் தண்ணியைப் பாத்தால் அதில இருக்கிற கலங்களில பத்துக்கு எட்டு ஒன்பது மேக்ரோபேஜ், பெருந்தின்கலம் எண்டு படிச்சிருப்பியள். தூசி, கிருமி, செத்த கலம் எல்லாத்தையும் விழுங்கித் துப்பரவாக்கிறது அதுதான், சத்தமில்லாமச் செய்யும். புகை குடிச்ச ஆக்களின்ர சளியில அதே கலத்தைப் பாத்தால் வயித்துக்குள்ள கபிலமும் கறுப்புமா மணி மணியாக் கிடக்கும், தேத்தண்ணி மண்டி மாதிரி. அவ்வளவு புகைத் தூளை விழுங்கியும் செரிக்கேலாம வைச்சுக்கொண்டு நிக்குது. நான் முதல் முதல் அதைப் பாத்த அண்டைக்கு என்ர மேசைச் சினேகிதன் சிகரெட்டை விட்டவன், திரும்பத் தொடேல்ல.

அப்பிடி நிரம்பின மேக்ரோபேஜ் சும்மா இருக்காது. ஐ.எல்.8 மாதிரி இரசாயனங்களை விட்டு இரத்தத்தில போற ஒரு வகை வெண்குழியங்களான நடுநிலைநாடியளை, நியூட்ரோபில் எண்டுறது, அதுகளைக் கூப்பிடும். அதுகள் வந்து எலாஸ்டேஸ் எண்ட நொதியத்தைக் கொட்டும். கிருமியைக் கொல்லுறதுக்கு உள்ள சாமான் அது, ஆனா அங்க கிருமி இல்லை, புகைதானே இருக்கு, அப்ப அது வெட்டுறது சிற்றறையின்ர சுவரை. சுவரில இருக்கிற எலாஸ்டின் நார்தான் பலூன் மாதிரிச் சுருங்கிக் காத்தை வெளியில தள்ளுறது. அது அறுந்தால் காத்து உள்ளுக்கப் போகும், வெளியில வராது. உங்கட அப்பா மூச்சை எடுக்கேலாமக் கஷ்டப்படுறார் எண்டு நினைக்கிறியள், உண்மையில அவர் விடேலாமத்தான் கஷ்டப்படுறார். பக்கத்தில இருந்து பாருங்கோ, விடுற நேரம் எவ்வளவு நீளம் எண்டு.

இதில இன்னொரு கொடுமையும் இருக்கு. நடுநிலைநாடி ஒரு நாளைக்குக் கிட்டத்தான் உயிரோட இருக்கும், செத்த உடன மேக்ரோபேஜ் அதை முழுசா விழுங்கிப்போட வேணும். புகையில கெட்டுப்போன மேக்ரோபேஜுக்கு அந்த விழுங்கிற வலு குறைஞ்சு போகும். அப்ப செத்தது அந்த இடத்திலேயே வெடிச்சு மிச்ச நொதியத்தையும் கொட்டும். கிருமியையும் வடிவா விழுங்காது, அதாலதான் இவைக்கு அடிக்கடி சளி பழுக்கிறது. அந்தச் சொந்தக்காரர் சொன்னதில இந்தத் துண்டு மட்டும் சரி, ஆனா மாக் கரைச்சுக் குடிச்சு அது திரும்பாது.

வாத்தியார்_பௌதிகமில்லை_உயிரியல் | ஞாயிறு, இரவு 9.40

மேல சொன்னது அருமை. உந்த எலாஸ்டேஸ் கதை எப்பிடி வெளிச்சத்துக்கு வந்தது எண்டு நான் உயர்தரப் பிள்ளையளுக்கு ஒவ்வொரு வருசமும் சொல்லுறனான், இஞ்சயும் சொல்ல விருப்பம். 1963 இல சுவீடன் மல்மோவில லோரல், எரிக்சன் எண்ட ரெண்டு பேர் இரத்தப் புரதங்களைப் பிரிச்சுப் பாத்துக்கொண்டிருக்கேக்க சில ஆக்களின்ர பட்டையில அல்பா 1 எண்ட இடம் வெறுமையா இருந்ததைக் கண்டவை. அந்த ஆக்களில கனபேருக்கு இள வயசிலயே சுவாசப்பை விரிஞ்சு போயிருந்தது. இல்லாமப் போன புரதம் அல்பா 1 அன்ரிற்ரிப்சின். ஈரல் செய்து இரத்தத்தில அனுப்புறது, அதின்ர முக்கியமான வேலை நடுநிலைநாடியின்ர எலாஸ்டேஸைக் கட்டிப் போடுறது.

அதே காலத்தில அமெரிக்காவில எலியளின்ர சுவாசப்பைக்குள்ள பப்பெயின் விட்டுப் பாத்தவை. பப்பெயின் எண்டது எங்கட வளவில நிக்கிற பப்பாசிக்காயைக் கீறினால் வடியுற பால், ஆச்சி இறைச்சி அவிக்கேக்க மெதுவா வரவேணுமெண்டு ஒரு துண்டு போடுறாவே, அதுதான். இறைச்சியை மெதுவாக்கினது எலியின்ர சிற்றறையையும் கரைச்சுப் போட்டுது, சி.ஓ.பி.டி காரருக்கு வாற அதே விரிவு. புரதத்தை வெட்டுற நொதியமும் அதைக் கட்டுற புரதமும் சமநிலையா நிக்கவேணும் எண்டது அதில இருந்துதான் விளங்கினது. நீர்வேலிப்பிள்ளையின்ர அப்பாவுக்கு அந்தப் பரம்பரைக் குறை இருக்கு எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆனா புகை அந்தக் காவல் புரதத்தை ஒட்சியேற்றிச் செயலிழக்கப் பண்ணும், அதால குறை இல்லாத ஆளுக்கும் அந்த இடத்தில குறை வந்திடுது.

நாலாம்_வருசம் | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம் அக்கா. நான் மருத்துவபீட மாணவன், லாப் அண்ணையும் வாத்தியாரும் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். தொய்வும் சி.ஓ.பி.டியும் வெளியில ஒரே சத்தம், ஒரே இழுப்பு, ஆனா உள்ளுக்க நிக்கிற கலம் வேற. தொய்வில சிடி4 வகை ரி கலங்கள் எண்ட வெண்குழியங்கள் ஐ.எல்.5, ஐ.எல்.13 எண்ட இரசாயனங்களை விட்டு இயோசின் நாடி எண்ட இன்னொரு வகை வெண்குழியங்களையும் சளியையும் கூட்டும், மாஸ்ற் கலங்களும் சேர்ந்து குழாயை இறுக்கும். சி.ஓ.பி.டியில சிடி8 ரி கலங்கள், நடுநிலைநாடி, மேக்ரோபேஜ். ஸ்டிரொயிட் குடுத்தால் இயோசின் நாடி கெதியாச் சாகும், நடுநிலைநாடியோ ஸ்டிரொயிட்டில இன்னும் கொஞ்சம் கூட நேரம் உயிரோட இருக்கும். அதோட ஸ்டிரொயிட் வேலை செய்ய ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ் 2 எண்ட நொதியம் கலத்துக்குள்ள வேணும், புகையில அது குறைஞ்சு போகுது. அதாலதான் அம்மாவுக்குக் கேக்கிற பம்ப் அப்பாவுக்கு அவ்வளவு கேக்காது. அக்கான்ர அப்பாவுக்கு ஸ்டிரொயிட் தேவையில்லாமலும் இருக்கலாம்.

லாப்_அண்ணை | திங்கள், காலமை 5.50

தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர், ஆனா அந்தக் கடைசி வரியை ஏற்கமாட்டன், பத்து நாளா பம்பை விட்டிட்டிருக்கிற மனிசனுக்கு அதைக் காட்டினால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். புத்தகத்தில தொய்வுக்கு இயோசின் நாடி, சி.ஓ.பி.டிக்கு நடுநிலைநாடி எண்டு ரெண்டு பெட்டி. கண்ணாடித் தட்டில அப்பிடி இல்லை. சி.ஓ.பி.டி காரரிலயும் இயோசின் நாடி கூடின ஆக்கள் கணிசமா இருக்கினம், அவைக்கு ஸ்டிரொயிட் பம்ப் உண்மையாவே வருத்தம் கூடி விழுறதைக் குறைக்குது. தொய்வுக்காரரில நடுநிலைநாடி நிக்கிற ஆக்களும் இருக்கினம், அவைக்குத்தான் ஸ்டிரொயிட் கேக்கிறது குறைவு.

அதுக்காகத்தான் இப்ப சாதாரண எப்.பி.சி, முழு இரத்தக் கலக் கணக்கு எண்டுறது, அந்த ரிப்போட்டில இயோசின் நாடியின்ர கணக்கைப் பாக்கச் சொல்லுகினம். சி.ஓ.பி.டிக்கு உலகளாவிய வழிகாட்டியில ஒரு மைக்ரோலீற்றருக்கு 300 உம் அதுக்கு மேலயும் எண்டால் ஸ்டிரொயிட் பம்பால பலன் வாறது கூட, 100 க்குக் கீழ எண்டால் பலன் குறைவு, நியூமோனியாப் பயமும் இருக்கு. இடையில எண்டால் டொக்டர் மற்றதுகளையும் பாத்து முடிவெடுப்பார்.

பிள்ளை, ரெண்டு பேரின்ர ரிப்போட்டும் இருக்கோ? மொத்த வெண்குழிய எண்ணிக்கையையும் இயோசின் நாடி வீதத்தையும் மட்டும் போடுங்கோ, பேர் ஒண்டும் வேண்டாம்.

கொட்டில்_ஐயா | திங்கள், காலமை 7.30

பிள்ளையள், எனக்கு 74. பேரன் எழுதித் தாறான், நான் சொல்லச் சொல்ல. பன்னிரண்டு வயசில சுருட்டுக் கொட்டிலுக்குப் போனனான், பிறகு புகையிலைக்குப் புகை போடுற குடிலிலயும் நிண்டிருக்கிறன். பொச்சை மூட்டிக் கதவை அடைச்சிட்டு வெளியில வந்தால் கண்ணால ஆறாத் தண்ணி ஓடும், ரெண்டு நாளைக்குத் துப்பினால் கறுப்பு. சுருட்டை விட்டு 15 வருசம். ஆனா இருமல் விடேல்ல, சளி விடேல்ல, வருசத்தில ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில படுக்கிறன். புகைதான் நிண்டுட்டுதே, பேந்தேன் இது நிக்குதில்லை? விட்டதில பிரயோசனமில்லையோ எண்டு சில நேரம் மனம் வெறுத்துப் போகுது.

நாலாம்_வருசம் | திங்கள், காலமை 8.05

ஐயா, பிரயோசனம் கட்டாயம் இருக்கு. புகையை விட்ட ஆளின்ர சுவாசப்பை வலு வருசா வருசம் குறையிற வேகம் மட்டுப்படும், புகை குடியாத ஆளின்ர வேகத்துக்குக் கிட்ட வரும். போனது திரும்பாது, ஆனா மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தினது நீங்கள் விட்ட அந்த முடிவுதான். விடாட்டி இண்டைக்கு இதைச் சொல்லி எழுதுவிக்க மூச்சு இருந்திருக்காது ஐயா.

ஏன் நிக்குதில்லை எண்டதுக்கு ஒரு காரணம் சிடி8 ரி கலங்கள். வைரஸ் பிடிச்ச கலத்தைத் துளை போட்டுக் கொல்லுறது அதுகளின்ர வேலை, பெர்போரின் துளைக்கும், கிரான்சைம் உள்ளுக்கப் போய்க் கொல்லும். சி.ஓ.பி.டி காரரின்ர குழாய்ச் சுவரில அதுகள் கூடிப்போய் நிக்கும், புகை நிண்டாப் பிறகும் கன வருசம் நிக்கும். கனடாவில ஜேம்ஸ் ஹொக் எண்டவரும் கூட்டாளியளும் 159 பேரின்ர சுவாசப்பைத் துண்டுகளைப் பாத்து 2004 இல எழுதினவை, வருத்தம் முத்த முத்த ரெண்டு மில்லிமீற்றருக்கும் குறைஞ்ச சின்னக் குழாயளில பி கலங்களும் ரி கலங்களும் சேர்ந்து நிணநீர்க் கணு மாதிரிக் குடியேறியிருந்தது எண்டு. கிருமிக்கு எதிரா அங்க போனதோ, சிதைஞ்ச சொந்த இழையங்களைப் பாத்து வந்ததோ, ரெண்டுமோ எண்டது இன்னும் விவாதத்தில இருக்கிற விசயம்.

அண்ணை, நீங்கள் சொன்னது சரி. அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. அக்கா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

கொட்டில்_ஐயா | திங்கள், காலமை 8.40

தம்பி, நீர் சொன்னது எனக்கு விளங்குது. பொச்சுத் தணல் அப்பிடித்தான், மேல சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரிக் கிடக்கும், கையை வைச்சால் தெரியும். விட்டது வீண் இல்லை எண்டு சொன்னீரே, அது போதும் எனக்கு.

நீர்வேலிப்பிள்ளை | திங்கள், பின்னேரம் 6.10

எல்லாருக்கும் நன்றி. அப்பா நேற்று இரவே பம்ப் இழுத்திட்டார், லாப் அண்ணை எழுதினதை நானே வாசிச்சுக் காட்டினனான். "விடேலாமத்தான் கஷ்டப்படுறார்" எண்ட இடத்தில கையைக் காட்டி நிப்பாட்டச் சொல்லி, இதைத்தான் நான் இவ்வளவு நாளும் சொல்லத் தெரியாம இருந்தனான் எண்டார்.

ரிப்போட் ரெண்டும் எடுத்தன். அம்மா: வெண்குழியம் 8,200, இயோசின் நாடி 6 வீதம். அப்பா: 9,100, இயோசின் நாடி 1 வீதம். கணக்கு என்ர தொழில் எண்டபடியா உடன பெருக்கிப் பாத்தன், அம்மாவுக்கு 492, அப்பாவுக்கு 91. அப்ப அப்பா 100 க்குக் கீழ. நாலாம் வருசத் தம்பி சொன்னதுதான் சரியோ? மனசு குழம்பிப் போச்சு.

லாப்_அண்ணை | திங்கள், இரவு 7.25

பொறுங்கோ பிள்ளை. அப்பாவின்ர இரத்தம் எப்ப எடுத்தது? அந்த நேரம் சுகமா வீட்டில இருந்தவரோ, இல்லாட்டி வருத்தம் கூடி வாட்டில படுத்திருந்தவரோ? பிரெட்னிசொலோன் குளுசை குடிச்சுக் கொண்டிருந்தவரோ? இதைக் கேக்காம அந்த 91 ஐ நம்பேலாது.

நீர்வேலிப்பிள்ளை | திங்கள், இரவு 7.50

அண்ணை, இப்பதான் கொப்பியைப் பிரட்டினன். வாட்டில இருந்து அஞ்சாம் நாள் எடுத்தது. பிரெட்னிசொலோன் எட்டுக் குளுசை, காலமையில எண்டு எழுதியிருக்கு.

லாப்_அண்ணை | திங்கள், இரவு 8.30

நினைச்சன். குளுசையாக் குடுக்கிற ஸ்டிரொயிட் இரத்தத்தில இருக்கிற இயோசின் நாடியை மணித்தியாலக் கணக்கில இறக்கிப்போடும். நானே எத்தினையோ தரம் பாத்திருக்கிறன், முதல் நாள் தட்டில எந்தப் பக்கம் திருப்பினாலும் செம்மஞ்சள் மணி நிரம்பின கலம் நிக்கும், கரு ரெண்டாப் பிரிஞ்சு மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும், ரெண்டு நாள் மருந்துக்குப் பிறகு அதே ஆளின்ர தட்டில தேடித் தேடி ஒண்டைக் காணேலாது. அதால அந்த 91 அப்பாவின்ர கணக்கில்லை, மருந்தின்ர கணக்கு. சுகமா இருக்கிற நேரம், குளுசை விட்டு ரெண்டு மூண்டு கிழமையாவது போன பிறகு, டொக்டரிட்டக் கேட்டுத் திருப்பி எப்.பி.சி எடுங்கோ.

அம்மாவின்ர 492 தொய்வுக்குப் பொருந்துது, ஆனா எங்கட நாட்டில இயோசின் நாடி கூடினால் பூச்சி வருத்தம், அலர்ஜி எல்லாத்தையும் நினைக்கவேணும். ஆயிரக்கணக்கில ஏறி, இரவில இருமலும் இழுப்பும் எண்டால் யானைக்கால் புழுவால வாற ஒரு சுவாசப்பை வருத்தமும் இருக்கு, அதுக்கு மருந்து வேற, தொய்வு எண்டு நினைச்சு வருசக் கணக்கில பம்ப் மட்டும் இழுத்தால் சுவாசப்பை தழும்பாப் போயிடும். இலங்கையில யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லாமப் போச்சு எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016 இல சொல்லிட்டுது, உங்கட அம்மாவின்ர கணக்கும் அந்த உயரத்தில இல்லை, அதால பயப்பட ஒண்டுமில்லை.

மற்றது, பம்ப் இழுத்த உடன வாய் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்கோ ரெண்டு பேரையும், இல்லாட்டி நாக்கில வெள்ளை படரும்.

ஸ்காபரோ_மருமகன் | செவ்வாய், அதிகாலை 3.15

இஞ்ச எங்கட மாமாவுக்கும் தொய்வு, இயோசின் நாடி சரியாக் கூட எண்டு ஐ.எல்.5 ஐத் தடுக்கிற ஊசி போடுகினம், மெப்போலிசுமாப் எண்டு பேர். மாசம் ஒண்டு. ஊசிக்கு முதல் எல்லாம் வருசத்தில மூண்டு நாலு தரம் ஆஸ்பத்திரி, இப்ப ஒண்டரை வருசமாப் போகேல்ல. சி.ஓ.பி.டிக்கும் அமெரிக்காவில 2024 இல டுப்பிலுமாப், 2025 இல மெப்போலிசுமாப் அனுமதிச்சிருக்கினம், இயோசின் நாடி கூடின ஆக்களுக்கு மட்டும். விலையைச் சொன்னால் தலை சுத்தும், ஊரில இருக்கிற ஆக்களுக்கு இது எப்ப கிடைக்கும் எண்டு நினைக்க வயிறு எரியுது. ஆனா எந்தக் கலம் எண்டு பாத்துப் பாத்து மருந்து குடுக்கிற காலம் வந்திட்டுது எண்டதைச் சொல்லத்தான் எழுதினன்.

வாத்தியார்_பௌதிகமில்லை_உயிரியல் | செவ்வாய், காலமை 6.20

ஒரு விசயம் சொல்லாமல் விடேலாது. மேக்ரோபேஜ் மாதிரிக் கலங்கள் விழுங்கிறதைக் கண்டு சொன்னவர் மெச்னிகோப், இயோசின் நாடிக்குச் சாயம் போட்டு 1879 இல காட்டினவர் எர்லிக். 1908 இல நோபல் பரிசு அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் குடுத்தவை. நூறு வருசத்துக்கு மேலாச்சு, நாங்கள் இன்னும் எதிர்ப்பு சக்தி எண்டு ஒரு பேணிக்குள்ள அடைச்சு வாங்குறம், அதுதான் எனக்குத் துக்கம்.

கசாயம் குடிக்கிறதை நான் தடுக்கேல்ல. ஆடாதோடையில இருக்கிற வசிசினை வைச்சுத்தான் சளியை இளக்கிற புரோம்ஹெக்சின் செய்தவை, எங்கட ஆச்சிமார் சும்மா அவிச்சுக் குடுக்கேல்ல. ஆனா அது சளியை இளக்கும், அவ்வளவுதான், குழாய்ச் சுவரில குடியிருக்கிற கலங்களை அது எழுப்பி அனுப்பாது. நியூமோகொக்கல், புளூ தடுப்பூசி பற்றியும் டொக்டரிட்டக் கேளுங்கோ பிள்ளை, எதிர்ப்பு சக்திக்கு உண்மையா ஏதும் செய்யவேணுமெண்டால் அதுதான்.

நீர்வேலிப்பிள்ளை | ஒரு மாசத்துக்குப் பிறகு, சனி பின்னேரம் 5.00

மறந்திடேல்ல, ரிப்போட்டுக்காகக் காத்திருந்தனான். அப்பாவுக்குத் திருப்பி எடுத்தது நேற்று வந்தது. வெண்குழியம் 8,400, இயோசின் நாடி 4 வீதம். 336. டொக்டர் இந்த முறை கொப்பியை விரிச்சு வைச்சு ரெண்டு ரிப்போட்டையும் பக்கத்தில பக்கத்தில பாத்தவர், பழசு வாட்டில எடுத்தது எண்டு நான் சொல்ல முதலே அவரே சொன்னார், ஸ்டிரொயிட் பம்ப் அப்பிடியே நடக்கட்டும் எண்டார். தடுப்பூசிக்கும் எழுதித் தந்திருக்கிறார். அப்பா இப்ப படலையடிக்குப் போட்டு நிக்காமத் திரும்பி வாறார், மூலைக் கடைக்குப் போக இன்னும் ஏலாது. அம்மா வாய் கொப்பளிக்க மறந்தால் அப்பாதான் கூப்பிட்டுச் சொல்லுறார்.

லாப் அண்ணை, அப்பா ஒண்டு கேக்கச் சொன்னவர். அந்த மூக்குக்கண்ணாடிக் கருவும் செம்மஞ்சள் மணியும் உள்ள கலத்தைத் தனக்கு ஒருக்காப் பாக்கவேணுமாம். ஆரின்ர எண்டு பேர் தெரியாமல் ஒரு படம் இருந்தால் இஞ்ச போடுவியளோ?